ராக்காயியம்மாவின் ஆயுள் குளிசை

ராக்காயியம்மாவுக்குச் சாவில் பயம் கிடையாது. தான் செத்த பிறகு மகன் வந்து வீட்டு வாசல் படலையில் நின்றால், அயலுக்குள் ஒருத்தர் "ஆர் தம்பி நீர்?" என்று கேட்டுவிடுவாரே, அதுதான் பயம். அந்தப் பயத்துக்குத்தான் அவர் பாரிஸிலிருந்து வந்த மருந்துக் குளிசையைக் குடிக்கத் தொடங்கினார். ஆயுளைக் கூட்டுகிற குளிசையாம். பள்ளிக்கூட வாசலில் கச்சான் கடலை விற்கிற மனுசிக்கு ஆயுளைக் கூட்டுகிற குளிசை! கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற சிவரூபி ரீச்சர் நான். கிளிநொச்சியில் ராக்காயியம்மாவின் வளவுக்கு அடுத்த வளவு என்னுடையது. இடையில் ஒரு வேலி. அந்த வேலியில் எப்போதும் ஆள் நுழைகிற ஒரு பொட்டு இருக்கும், அதால் அவர் வருவார், நான் போவேன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தை எரித்துத் துரத்த, தாய் தகப்பனோடு லொறியில் வந்து வன்னியில் இறங்கியவர் அவர். காடு வெட்டினது அவர்கள், வயல் செய்தது எங்கட ஆட்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த எங்கட ஆட்கள் அவர்களைத் "தோட்டக்காட்டார்" என்று வாய் கூசாமல் சொன்னதைச் சின்ன வயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். சண்டைக்கு இயக்கம் பிள்ளை பிடிக்கிற காலம் வந்தபோது மட்டும் அந்த வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. ராக்காயியம்மாவின் மூத்தவன் நிஷாந்தனையும் அப்படித்தான் கொண்டு போனார்கள். பள்ளிக்கூடச் சீருடையோடு போனவன்.

கடைசிச் சண்டையில் புருசன் நல்லதம்பி முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டுச் செத்தார். கடற்கரை மணலைக் கையால் கிண்டித் தாட்டார்கள். அதற்குள் மகன் எப்படியோ தாயைத் தேடி வந்து சேர்ந்துவிட்டான். பாலம் தாண்டி இராணுவப் பக்கம் வந்த அன்று, "ஒரு நாள் இயக்கத்தில இருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ராக்காயியம்மா மகனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தானே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒளித்திருந்து பிடிபட்டால் அடிப்பார்கள், தாய் கொண்டுபோய்க் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மற்றத் தாய்மார் மகன் போன வயதிலேயே நிற்கிறான் என்று நினைத்துக் கதைப்பார்கள். இவர் அப்படியில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கு ஒரு சேட் வாங்குவார், வரவரப் பெரிய அளவில் வாங்குவார். "இப்ப அவனுக்கு வயிறு வச்சிருக்கும் ரீச்சர், அவங்கப்பனுக்கும் அந்த வயசுலதான் வச்சிச்சு" என்று சொல்லி, கடைக்காரனிடம் எக்ஸ்ட்ரா லார்ஜ் கேட்பார். அலுமாரி நிறையச் சேட்டுகள். ஒன்றும் மடிப்புக் கலையாதவை.

காணாமல் போன பிள்ளைகளுக்காக வீதியோரம் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். அங்கே மாறி மாறித் தாய்மார் படங்களோடு இருப்பார்கள். கச்சான் விற்று முடிந்தால் ராக்காயியம்மாவும் போவார். அங்கே அவருக்குப் பக்கத்தில் இருக்கிற பேச்சியம்மாவைச் சலரோகம் என்கிற நீரிழிவு காலிலிருந்து தின்று தீர்த்தது. அவர் தேடிக்கொண்டிருந்த மகளின் படத்தையும் பெட்டிக்குள் வைத்தே அனுப்பினார்கள். அந்தச் செத்தவீட்டால் வந்து முழுகிவிட்டு, ஈரத்தலையோடு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார் ராக்காயியம்மா.

"நாம ஒவ்வொருத்தியா சாகட்டும்னுதான் ரீச்சர் காத்துக்கிட்டு இருக்கானுங்க. கடைசி ஆளு போயிட்டா கேக்க நாதியில்லைல்ல? நான் சாகக் கூடாது. என்ன செஞ்சா சாகாம இருக்கலாம்?"

உயிரியல் ரீச்சரிடம் கேட்கிற கேள்விதான். பிரஷர் குளிசையை ஒழுங்காய்ப் போடுங்கோ, உப்பைக் குறையுங்கோ என்றேன். அவர் அந்தப் பதிலில் திருப்தியாகவில்லை. இதே கேள்வியைப் பாரிஸில் இருக்கிற மகள் சுதர்சினியிடமும் கேட்டிருக்கிறார். சுதர்சினி அழுதிருக்கிறாள். அவளுடைய புருசன் திலீபன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர், மிச்ச நேரமெல்லாம் யூரியூப்பில் டொக்டர்மாரின் பேச்சைக் கேட்கிறவர். அவர் ஒரு போத்தலை ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

போத்தலைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தார் ராக்காயியம்மா. ரெஸ்வெரட்ரோல் என்று எழுதியிருந்தது. முந்திரிகை, அதாவது திராட்சைப் பழத்தின் தோலில் இருக்கிற சாமான். கொஞ்சமாய்க் கச்சான் பருப்பின் சிவப்புத் தோலிலும் இருக்கிறது. வறுத்த கச்சானைத் தேய்த்துத் தேய்த்து ஆயுள் முழுக்க அந்தத் தோலை ஊதிப் பறக்கவிட்ட மனுசிக்கு, அதே சாமானைப் போத்தலில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்பியிருந்தார்கள்.

"இது உடம்புக்குள்ள போயி என்னா செய்யும்?" என்று கேட்டார். முற்றத்துக் கதிரையில் இருத்திச் சொன்னேன். எங்கட உடம்பில் கோடிக்கணக்கான கலங்கள், செல் என்கிறவை. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டி.என்.ஏ. என்று நூல் மாதிரி ஒன்று சுருண்டு கிடக்கிறது. தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி வாங்கிக்கொண்டுதான் பிள்ளை பிறக்கிறது. வயது போகப்போக அந்த நூல் அங்கங்கே பழுதாகும். பழுதைத் திருத்தவும் நூலை ஒழுங்காய்ச் சுற்றி வைக்கவும் சில புரதங்கள் உதவுகின்றன, அவற்றுக்குச் சேர்ட்டுயின் என்று பெயர். இந்தக் குளிசை அந்தப் புரதங்களை உசுப்பிவிடும் என்று சில விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

"டி.என்.ஏ.யத் திருத்துமா?"

"திருத்த உதவும் எண்டு சொல்லுகினம் அம்மா. சொல்லுகினம், அவ்வளவுதான்."

மிச்சத்தையும் சொன்னேன். சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி போட்டால் எலிகள் கனகாலம் உயிரோடு இருக்கின்றன, அதற்கும் இந்தப் புரதங்கள்தான் காரணம் என்பது அவர்களுடைய கணக்கு. பட்டினி கிடக்காமலே பட்டினியின் பலனை உடம்புக்குக் கொடுப்பதுதான் குளிசையின் நோக்கம் என்றேன். அவர் சிரித்தார்.

"பட்டினி கெடந்தா ஆயுசு கூடும்னா, முள்ளிவாய்க்கால்ல நம்ம சனம் ஒன்னுகூட செத்திருக்கக் கூடாதே ரீச்சர்."

இந்த ஆராய்ச்சியின் கதையை நான் வாசித்திருக்கிறேன், வாசித்தால் பத்திக்கொண்டுதான் வரும். பாணைப் பொங்க வைக்கிற ஈஸ்டில் வேலை செய்தது என்றார்கள். கொழுப்புத் தீனி போட்டுக் கொழுக்க வைத்த எலிகளில் வேலை செய்தது என்றார்கள். பேப்பர்க்காரர் "இளமை மருந்து" என்று எழுத, மருந்துக் கொம்பனிகள் காசைக் கொட்டின. பிறகு வேறு ஆட்கள் சோதித்துப் பார்த்தால், பரிசோதனைக் குழாயில் ஒளி தெரிவதற்காக ஒட்டிய ஒரு சாயத்தால்தான் அந்தப் பலன் தெரிந்தது என்று சண்டை வந்தது. சாதாரணமாய்த் தின்கிற எலிகளுக்கு ஆயுள் கூடவில்லை. மனுசருக்குக் கூடியதாக ஒருவரும் காட்டவில்லை. ஆனால் போத்தல் விற்பனை மட்டும் குறையவில்லை. தின்று தின்று அலுத்தவர்கள் பட்டினியையும் குளிசையாய் வாங்கி விழுங்குகிறார்கள், எங்களுக்கு அது சும்மா கிடைத்தது.

"குடிக்கிறதால பெரிசா நட்டம் ஒண்டும் வராது, ஆனா நம்பி இருக்காதேங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். நாளுக்கு ஒன்றென்று குடிக்கத் தொடங்கினார். பிரஷர் குளிசையையும் விடவில்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

அடுத்த மாரிக்கு முன்னம், எங்கட பக்கத்தில் ஒரு கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டின இடத்தில் மனுச எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. நீதிமன்றம் தலையிட்டு ஒழுங்காய்த் தோண்டி எடுத்தார்கள். பிறகு, பிள்ளைகளைத் தேடுகிற தாய் தகப்பன்மார் இரத்தம் கொடுத்தால் டி.என்.ஏ.யைப் பொருத்திப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள்.

கொட்டகைக்குள் அன்று வந்த சண்டையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு பகுதித் தாய்மார், கொடுப்போம், ஒன்றில் ஓம், ஒன்றில் இல்லை என்று தெரியட்டும் என்றார்கள். மற்றப் பகுதி, உயிரோடு கொடுத்த பிள்ளையை எலும்புக் குழிக்குள் தேடச் சொல்கிறார்களா என்று மண்ணை வாரித் தூற்றியது. ராக்காயியம்மா மண் வாரின பக்கம்.

"ரெத்தம் குடுத்தா, எம் புள்ள அங்கதான் கெடக்கான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. குடுக்க மாட்டேன்."

சுதர்சினி எனக்குப் போன் எடுத்தாள். "ரீச்சர், அம்மா என்ர சொல்லுக் கேக்கிறா இல்லை. எனக்கும் அண்ணா உயிரோட இருக்கோணும் எண்டுதான் ஆசை. ஆனா செத்திருந்தா ஒரு திவசம்கூடச் செய்யாமல் விட்டிருக்கிறம். படையல் இல்லாமல் எத்தினை வருசம் பசியோட அலையுறானோ? நீங்க சொன்னாக் கேப்பா." அவள் விம்மினாள். திவசம் செய்தால் செத்துவிட்டான் என்று ஆகிவிடும், செய்யாவிட்டால் செத்த பிள்ளையைப் பட்டினி போட்டதாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கட வீடுகள் எத்தனை நிற்கின்றன என்று எனக்குத் தெரியும்.

நான் போய்ச் சொன்னேன். அவர் கச்சான் வறுத்துக்கொண்டே கேட்டார். சட்டி மணலைக் கிளறிக் கிளறி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"என் டி.என்.ஏ.யும் அந்த எலும்போட டி.என்.ஏ.யும் ஒத்துப்போனாத்தான் அவன்னு சொல்வாங்க, இல்லையா?"

"ஓம் அம்மா."

"ஒத்துப் போகலேன்னா?"

"அவர் அங்க இல்லை எண்டு அர்த்தம்."

அவர் தலையாட்டினார். கொடுக்க மாட்டேன் என்று அன்றும் சொன்னார். ஆனால் கொஞ்சக் காலம் போனபிறகு, ஒருவரும் கேட்காமலே, தான் இரத்தம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கொட்டகையில் அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். சுதர்சினி எனக்கு நன்றி சொல்லிச் சொல்லிப் போனில் அழுதாள். என் பேச்சுக்குத்தான் மனம் மாறினார் என்று நானும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

இடையில் அவருக்கு வயிற்றோட்டம் பிடித்து ஆள் வாடிப்போனார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் துருவித் துருவிக் கேட்க, பாரிஸ் குளிசையைக் கைநிறைய அள்ளிப் போடுகிறார் என்பது வெளியே வந்தது. மகளிடம் சொல்லி இன்னும் போத்தல்கள் எடுப்பித்திருக்கிறார். டொக்டர் ஏசினார். நானும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "சீக்கிரம் வேல செய்யட்டும்னுதான்" என்று முனகினார். ஆயுள் ஆசை ஆளைப் பிடித்து ஆட்டுகிறது என்று நினைத்தேன்.

இரத்தம் எடுத்த அன்று நான்தான் கூடப் போனேன். மற்றத் தாய்மார் ஊசியைக் கண்டதும் குழறி அழுதார்கள், ஒருத்தி மயங்கி விழுந்தாள். இவர் கலியாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நீலச் சேலை உடுத்து, கையை நீட்டிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது சந்தியில் என்னை மறித்து ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தானும் ஒன்று சாப்பிட்டார். அவர் ஐஸ்கிறீம் சாப்பிட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

சோதினையின் மறுமொழி வர மாதக்கணக்காய்ப் போனது. கூப்பிட்டுச் சொன்னார்கள். எடுத்த எலும்புகளில் ஒன்றோடும் பொருந்தவில்லை.

அயலெல்லாம் வந்து கையைப் பிடித்து நல்ல காலம் என்றார்கள். பாரிஸில் சுதர்சினி அழுதாளோ சிரித்தாளோ, போனில் பிரித்தறிய முடியவில்லை. ராக்காயியம்மா அன்று பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்குக் கச்சானைச் சும்மா அள்ளிக் கொடுத்தார். "நான் சொன்னேன்ல, எம் புள்ள அங்க இல்லன்னு!" என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார்.

அந்தச் சந்தோசம் அந்தக் கிழமையைத் தாண்டவில்லை. வாசலில் கச்சான் பெட்டியைக் காணவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் போய்ப் பார்த்தேன். குசினி நிலத்தில், அணைந்த அடுப்புக்கு முன்னால் இருந்தார். தலை வாரி இழுக்கவில்லை. பக்கத்தில் இருந்தேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஏமாத்திட்டேன் ரீச்சர்."

எனக்கு விளங்கவில்லை.

"அந்த மாத்திர டி.என்.ஏ.யத் திருத்தும்னு சொன்னீங்கல்ல? அதத் தின்னு தின்னு ரெத்தத்த மாத்திக்கிட்டுப் போயித்தான் குடுத்தேன். மாறிப்போன ரெத்தம் எலும்போட ஒத்துப் போகாதுல்ல? ஒத்துப் போகலேன்னா அவன் சாகலேன்னு அவங்களே எழுதிக்குவாங்கல்ல? அப்பிடித்தான் நெனச்சேன். அது மாதிரியே நடந்திருச்சு."

நான் வாயைத் திறக்குமுன் அவருக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அந்தக் குழியில கெடந்தது அவனா இருந்தா? எத்தன வருசமா மண்ணுக்குள்ள கெடந்து, இப்பத்தான் ஒருத்தன் வெளிய எடுத்து, இது யாரு புள்ளன்னு கேட்டிருக்கான். பெத்தவ நான், எம் புள்ள இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேனே! பஸ்ஸுல ஏத்திவிட்டதும் நான்தான். இப்ப இல்லன்னு சொன்னதும் நான்தான்."

அவரைப் பிடித்து உலுப்பினேன். "அம்மா, இஞ்ச பாருங்கோ. எந்தக் குளிசையும் அதை மாத்தாது. பிறக்கேக்க என்ன டி.என்.ஏ.யோ, சாகுமட்டும் அதுதான். திருத்திறது எண்டால் பழுதைச் சரியாக்கிறது, எழுத்தை மாத்திறது இல்லை. கொப்பிக்கு உறை போட்டால் உள்ள இருக்கிற எழுத்து மாறுமே? நீங்கள் குடுத்தது உங்கட இரத்தம்தான். சோதினை சரி. நிஷாந்தன் அங்க இல்லை. இது நல்ல செய்தி அம்மா!"

அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். நம்புவார் என்று நினைத்தேன்.

"அப்ப அது ஆயுசையும் கூட்டாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கூட்டாது அம்மா" என்றேன்.

"அன்னைக்கித் திருத்தும்னீங்க, இன்னைக்கி மாத்தாதுங்குறீங்க. ஆயுச கூட்டும்னு மருமகன் சொல்லுது, கூட்டாதுன்னு நீங்க சொல்றீங்க. பஸ்ஸு திரும்பி வரும்னு அன்னைக்கி ஆமிக்காரன் மைக்குல சொன்னான். படிச்சவங்க பேச்சுல எத நான் நம்புறது?"

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட? ஈஸ்டில் ஒன்றைக் கண்டதும் உலகத்துக்கே சாவு இல்லை என்று பேட்டி கொடுத்தவர்கள் மீதா, அதைப் போத்தலில் அடைத்தவர்கள் மீதா, பஸ்ஸில் ஏற்றியவர்கள் மீதா? ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் இந்த மனுசி தன் இரத்தத்தைத் தானே கெடுக்கப் பார்த்திருப்பாரா? "இல்லை" என்று ஒரு நல்ல செய்தி வந்தும் அதை வைத்திருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. எத்தனை தாய்மார் அந்த ஒரு சொல்லுக்காகக் கோயில் கோயிலாய் உருண்டார்கள்!

மறுநாள் மிச்சப் போத்தல்களைக் குழாயடியில் கொட்டிக் கழுவி ஊற்றிவிட்டார். சாகாமல் இருக்கிற ஆசையும் அதோடு போய்விட்டது. கச்சானும் வறுப்பதில்லை. கண்ட ஆட்களிடமெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மருந்து உடம்பை விட்டுப் போக எவ்வளவு காலம் எடுக்கும்?

ஒரு காலை அதே நீலச் சேலையோடு படலையில் நின்றார். தனியே விட மனமில்லாமல் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். இரத்தம் எடுத்த இடத்தில் புதிதாக வந்த ஒரு உத்தியோகத்தர் இருந்தார். நல்ல பிள்ளை. கதிரை இழுத்துப் போட்டு இருத்தினார். ராக்காயியம்மா இருக்கவில்லை. சேலைச் சட்டையின் கையை மேலே சுருட்டினார்.

"இன்னொருக்கா எடுங்க தம்பி. போன தடவ என் ரெத்தம் சரியில்ல. இப்ப சுத்தமா இருக்கு."

அவர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அம்மா, ஒருக்கா எடுத்ததே போதும். சோதினையில பிழை இல்லை. பொருந்தேல்லை எண்டு வந்தது நல்லதுதானே? மகன் எங்கேயாவது உயிரோட இருக்கலாம் எல்லே?"

ராக்காயியம்மா நீட்டிய கையை எடுக்கவில்லை.

"உசுரோட இருந்தா அவன் என்னத் தேடி வந்துருவான் தம்பி. அங்க கெடந்தா, நான்தானே அவனத் தேடிப் போவணும். எடுங்க."